கல்வெட்டுகளை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் சனசமூக நிலையத்தின் 1 டெராபைட் வன்தட்டில் இருந்தவை ஊரவர் தந்த கல்வெட்டுகள் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்கள்), கோவில் மலர்கள், பாடசாலை மலர்கள் ஆகியவற்றின் ஸ்கான் பிரதிகள். முப்பத்தோராம் நாளில் கொடுக்கப்பட்ட கல்வெட்டுகளில் உள்ள வம்சாவளி பல குடும்பங்களுக்கு வேறெங்கும் எழுத்தில் இல்லை. தட்டு பழுதான பின்னும் அவை திரும்பக் கிடைத்தது யார் யார் என்ன செய்ததால் என்பதை ஊரறியச் சொல்ல வேண்டும்.

முதல் நன்றி, ஒரு கோப்பு திறக்க நிமிடக்கணக்கில் இழுபட்டதும் "இனி ஒருத்தரும் ஒன் பண்ண வேண்டாம்" என்று மறித்த தங்கைக்கு. விண்டோஸ் கேட்ட 'செக் டிஸ்க்'கையும் அவர் ஓடவிடவில்லை. அது பழுதான தட்டிலேயே எழுதித் திருத்தப் பார்க்கும். மிஞ்சியிருக்கும் கோப்புறைகளையும் குலைத்துவிடக்கூடும்.

அடுத்து, கணினி திருத்தும் கடைத் தம்பிக்கு. காசு வாங்காமல் ஸ்மார்ட் அறிக்கையை (தட்டு தன் நிலையைத் தானே பதியும் பட்டியல்) எடுத்து, எதைப் பார்ப்பதென்றும் காட்டித் தந்தார். 5ஆம் இலக்கம், பழுதென்று ஒதுக்கி மாற்றிய இடங்களின் எண்ணிக்கை. 197, வாசிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. 198, திருத்த முடியாதவை. இவை பூச்சியத்திலிருந்து ஏறத் தொடங்கினால் தட்டை நம்பக்கூடாது. தரவு கடத்தலில் வரும் பிழைகளை எண்ணும் 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் பிழை. தட்டில் சத்தமில்லை, அதன் கொள்ளளவும் சரியாகக் காட்டுகிறது என்று உறுதிசெய்த பின்னரே அவர் மேலே போகச் சொன்னார். 'டிக் டிக்' என்று அடித்திருந்தால் தூசியற்ற அறை உள்ள மீட்புக்கூடம்தான் வழி. குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொன்னவர்களுக்கும் அவரே பதில் சொன்னார்: வெளியே எடுத்ததும் எங்கள் ஈரக்காற்றில் உள்ளே நீர் பிடிக்கும்.

மீட்பு வேலை கம்பஸ் பிள்ளைகளுடையது. தட்டை யூ.எஸ்.பி. பெட்டியிலிருந்து கழற்றி கணினிக்குள் தட்டை இணைக்கும் சாட்டா கேபிளில் நேரே கொழுவினார்கள். பழுதான இடத்தில் வாசிப்புச் சிக்கும்போது அந்தப் பெட்டிகள் தொடர்பை அறுத்துவிடுவதுண்டு. பென் டிரைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை இயக்கி, தட்டை மவுண்ட் பண்ணாமல் (கோப்புகளைத் திறக்கும்படி இணைக்காமல்), டிடிரெஸ்கியூ என்ற மீட்பு மென்பொருளால் முழுத் தட்டையும் அப்படியே பிரதி செய்யும் ஒரே பிம்பக் கோப்பாக எடுத்தார்கள். முதற்சுற்றில் நல்ல இடங்கள் மட்டும், சிக்கலானவை தாண்டப்படும். பிறகுதான் விடுபட்டவற்றுக்கு மூன்று முயற்சி. செக்கனுக்கு 100 மெகாபைட் ஓடும் நல்ல தட்டுக்கு ஏறக்குறைய 3 மணித்தியாலம். பழுதான தட்டு நாட்கணக்கில் இழுக்கும். எது முடிந்தது, எது மிச்சம் என்று குறிக்கும் வரைபடக் கோப்பைப் புதிய தட்டிலேயே வைத்தார்கள். பென் டிரைவ் லினக்சின் தற்காலிக நினைவகத்தில் வைத்திருந்தால், கரண்ட் போனதோடு அதுவும் போயிருக்கும்.

2 டெராபைட் புதுத் தட்டு தந்த அண்ணைக்கும், யூ.பி.எஸ். இரவல் தந்த பக்கத்து வீட்டாருக்கும், தட்டுச் சூடேறாமல் மேசை விசிறி கொண்டுவந்து வைத்தவருக்கும் நன்றி.

பிம்பத்தின் ஒரு பிரதியில், கோப்புகளைத் தேடி மீட்கும் போட்டோரெக் மென்பொருளை ஓட்டியதில் படங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. அது அப்படித்தான்: கோப்பின் வடிவத்தை வைத்துத் தேடுவதால் பெயர் கிடைக்காது. முகத்தையும் வீட்டுப்பெயரையும் பார்த்து ஒவ்வொன்றாகப் பெயர் சொன்ன அம்மாமார் இல்லையென்றால் அது வெறும் படக் குவியல்.

இப்போது மூன்று பிரதி உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் வெளித்தட்டில் பிரதியெடுத்து உடனே கழற்றிவிடுகிறோம். கொழுவியபடி விட்டால் ஐப்பசி, கார்த்திகை இடிமின்னல் நிலையத்துத் தட்டையும் வெளித்தட்டையும் சேர்த்தே எரித்துவிடலாம். மூன்றாவது ரொறன்ரோவில் உள்ள உறவுகளிடம். அது தானாக ஒத்திசைவதில்லை. ஒத்திசைந்தால் இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழியும். மாதம் ஒருமுறை பத்துக் கோப்பைப் பிரதியிலிருந்து எடுத்துத் திறந்து பார்க்கிறோம்.

மீளாத பக்கங்களின் பட்டியல் நிலைய அறிவித்தல் பலகையில் உள்ளது. மூலப்பிரதி வைத்திருப்போர் கொண்டுவந்தால் 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவில் ஸ்கான் செய்து அன்றே திருப்பித் தருவோம்.

நன்றியுடன்,
சனசமூக நிலைய ஆவணப் பிரிவினர்,
யாழ்ப்பாணம்