அந்த டீசல் ஸ்விஃப்ட் பற்றி மகளுக்கு

பாலக்கோடு,
வியாழன் இரவு.

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அத்திப்பள்ளியில் பார்த்துவிட்டு வந்த கார் பற்றி நீ அனுப்பிய படங்களையும் விவரங்களையும் இரண்டு முறை பார்த்தேன். தொலைபேசியில் பேசியிருக்கலாம், ஆனால் நீ ஒன்று சொல்ல, மாப்பிள்ளை ஒன்று சொல்ல, நடுவில் பேரன் கைபேசியைப் பிடுங்கிக்கொள்ள, பேச்சு எங்கேயோ போய்விடும். ஒன்றிய அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கோப்புகளில் குறிப்பெழுதியே பழகிய எனக்கு, பணம் சம்பந்தப்பட்ட எதையும் தாளில் எழுதிப் பார்த்தால்தான் தெளிவு வரும்.

2018ஆம் ஆண்டு ஸ்விஃப்ட், டீசல், பி.எஸ். 4 என்ற பழைய புகை விதிப்படி செய்தது, கே.ஏ. 51 என்று கர்நாடகப் பதிவு, ஒரே உரிமையாளர், 62,000 கிலோமீட்டர் ஓடியது, கேட்கும் விலை 4,75,000 ரூபாய். இதே ஆண்டு பெட்ரோல் வண்டியை ஓசூரில் அறுபதாயிரம் ரூபாய் குறைவாகக் கேட்டதாகவும் எழுதியிருந்தாய்.

வண்டியைப் பற்றி எனக்குப் பெரிய ஐயம் இல்லை. அதில் இருப்பது 1,248 சி.சி. இன்ஜின், பியட் நிறுவனத்தின் வடிவமைப்பு. ஸ்விஃப்டில் மட்டும் இல்லாமல் டிசையர், எர்டிகா, டாடாவின் சில கார்கள் என்று நாடு முழுவதும் பல ஆண்டுகள் ஓடிய இன்ஜின் அது. அதனால் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டாலும், உதிரிப் பாகத்துக்கும் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்குக்கும் நம் பக்கத்தில் பஞ்சமில்லை. பி.எஸ். 6 டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் ஓட்டிச் சூடேற்றாமல் ஊருக்குள்ளேயே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். இந்தப் பழைய வண்டியில் அந்தத் தொல்லை இல்லை.

டீசலுக்கு இழுவை அதிகம் என்று மாப்பிள்ளை சொன்னதும் சரிதான். பெட்ரோல் ஸ்விஃப்டின் முறுக்கு விசை 113 நியூட்டன் மீட்டர். டீசலில் அது 190, அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று சுற்றும்போதே கிடைத்துவிடும். கடல் மட்டத்திலிருந்து பார்த்தால் ஓசூர் நம் ஊரைவிட எவ்வளவோ உயரத்தில் இருக்கிறது. நான்கு பேரும், டிக்கியில் அம்மா கட்டி அனுப்பும் இரண்டு பெட்டி மாங்காயும், மூட்டை ராகியும் ஏறிய பிறகு வழியில் வரும் ராயக்கோட்டை ஏற்றத்தில் பெட்ரோல் வண்டியில் இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டிய இடத்தை, டீசல் மூன்றிலேயே ஏறிவிடும்.

அப்படியானால் வாங்கிவிடலாமே என்று கேட்பாய். என் தயக்கம் அந்த வண்டி தினமும் ஓடப்போகும் தூரத்தைப் பற்றியது. உன் வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு ஏழு கிலோமீட்டர். போக வர பதினான்கு, மாதம் இருபத்தைந்து நாளுக்கு 350. மாதம் இரண்டு முறை இங்கே வந்து போனால் 260. கடைத்தெரு, பேரன் பள்ளி, ஆஸ்பத்திரி என்று 200 வைத்துக்கொள். ஆண்டுக்கு ஏறக்குறைய பத்தாயிரம் கிலோமீட்டர். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 17 கொடுக்கும் என்றும், லிட்டர் 102 ரூபாய் என்றும் கொண்டால் ஆண்டுச் செலவு அறுபதாயிரம். டீசல் 21 கொடுத்து, லிட்டர் 94 ரூபாய் என்றால் சுமார் நாற்பத்தைந்தாயிரம். மிச்சம் பதினைந்தாயிரம். விளம்பரத்தில் போட்டிருந்த 28 கிலோமீட்டரை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது சோதனைக் கூடத்தில் எடுத்த அளவு, ஓசூர் பேருந்து நிலையத்தைச் சுற்றி எடுத்தது அல்ல.

முதலில் கூடுதலாகக் கொடுக்கும் அறுபதாயிரத்தை இந்த மிச்சத்தால் மீட்கவே நான்கு ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஒரு இன்ஜெக்டரோ, டர்போவோ, கிளட்ச் செட்டோ போனால் மொத்தக் கணக்கும் தலைகீழாகிவிடும். டீசல் இன்ஜின் சூடாகவே நேரம் எடுக்கும். மார்கழிக் காலையில் ஓசூர்க் குளிரில் எடுத்து, ஏழாவது கிலோமீட்டரில் அணைத்து, மாலையில் மறுபடி அதையே செய்தால், அது முழுச் சூட்டை எட்டாமலேயே நாள் முழுவதையும் கழிக்கும். புகையின் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வில் கரி படியும், இழுவை குறையும், அந்தப் பாகத்தைச் சுத்தம் செய்யும் செலவு தனி. நம் கிணற்று மேட்டிலிருந்த ஆயில் இன்ஜினை நினைத்துப் பார். நான்கு மணி நேரம் தொடர்ந்து இறைத்த நாட்களில் அது தொந்தரவு கொடுத்ததே இல்லை; நாற்றங்காலுக்குப் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு நிறுத்திய மாதங்களில்தான் புகைக்குழாயைக் கழற்றித் தட்டிக்கொண்டிருந்தோம்.

எனவே நீங்கள் இருவரும் முதலில் முடிவு செய்ய வேண்டியது வேறொன்று. பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் மாப்பிள்ளைக்கு வந்திருக்கும் வேலையை அவர் ஏற்கப் போகிறாரா? ஏற்று, தினமும் இந்த வண்டியிலேயே போவாரானால் அதுவே நாளுக்கு ஐம்பது கிலோமீட்டர். ஆண்டுக்கு இருபதாயிரத்தைத் தாண்டும். மிச்சம் இரு மடங்காகிவிடும், கூடுதல் விலை இரண்டே ஆண்டில் வந்துவிடும், இன்ஜினும் தன் சூட்டில் ஓடும். அப்போது டீசலை நானே வாங்கச் சொல்வேன். அவர் கம்பெனிப் பேருந்தில் போய், வண்டி உன்னிடமே இருக்குமானால் பெட்ரோல் போதும். ஊருக்கு வந்து எங்களைப் பார்க்க வசதியாக இருக்கும் என்பதற்காக டீசல் என்று நீ எழுதியிருந்த வரியை அம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். எங்களுக்கு அது மகிழ்ச்சிதான். ஆனால் மாதத்தில் இரண்டு நாள் ஓடும் சாலைக்காக, மற்ற இருபத்தெட்டு நாளுக்கும் பொருந்தாத வண்டியை வாங்க வேண்டாம். பெட்ரோல் வண்டியும் ராயக்கோட்டை ஏற்றத்தை ஏறத்தான் செய்கிறது.

இன்னொன்று உறுத்துகிறது. இந்த வண்டி புதிதாக விற்றபோது பெட்ரோலைவிட டீசல் ஒரு லட்சம் ரூபாய் வரை விலை கூடுதல். நிறைய ஓட்டுகிறவன்தான் அந்தக் காசைக் கொடுத்து வாங்குவான். ஆனால் இது ஏழு ஆண்டுகளில் 62,000 என்றால் ஆண்டுக்கு ஒன்பதாயிரம்கூட ஓடவில்லை. மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள், அல்லது பெங்களூரு நெரிசலில் அரை மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்று நகர்ந்தே ஏழு ஆண்டுகளைக் கழித்திருக்கிறது. இரண்டும் நமக்கு நல்லதல்ல. பதிவு எண்ணைக் கொடுத்து, கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் ஒவ்வொரு சர்வீஸின்போதும் எழுதிய கிலோமீட்டரைக் கேட்டுப் பார்க்கச் சொல். பிரேக் பெடலின் ரப்பரும் ஸ்டீயரிங்கின் மேல்தோலும் தேய்ந்திருப்பதைப் பார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்தது. அறுபதாயிரம் ஓடிய வண்டியில் மூன்றாவது செட் டயர் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

பெங்களூரு வண்டி என்பதால், 2022 செப்டம்பரில் அங்கே வெள்ளத்தில் கார்கள் மூழ்கியதையும் மறந்துவிடாதே. முன்சீட்டின் தண்டவாளத்துக்கு அடியிலும், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் விரலை விட்டுத் தடவிப் பார். காய்ந்த வண்டல் கையில் ஒட்டினால் விலை பேசாமலேயே திரும்பிவிடு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் நீர் நின்ற கறை அதன் அடிமுனையில் தெரியும். வெளியே தெரியும் பகுதியைத்தான் எல்லோரும் கழுவி வைப்பார்கள்.

காகித வேலை எனக்குப் பழகியது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். கர்நாடகத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து சாலை வரியை இங்கே மீண்டும் கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம் என்றாலும் அதற்கு அலைய நேரம் வேண்டும். அந்த வரித் தொகையை ஓசூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை வண்டி விலையோடு கூட்டிய பிறகு 4,75,000 மலிவா என்று பார். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிந்திருந்தால் அது நீங்கிய பிறகே பணம். போலீஸ் அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதையும், காப்பீட்டைப் பதினான்கு நாளுக்குள் உன் பெயருக்கு மாற்றுவதையும் விட்டுவிடாதே. பத்து ஆண்டுகள் ஆனால் டீசல் வண்டியைப் பறித்துக்கொள்வார்கள் என்று மாப்பிள்ளையின் நண்பர் சொன்னது டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள பகுதியிலும் வந்த கட்டுப்பாடு. நமக்குப் பதிவு பதினைந்து ஆண்டு, அதாவது 2033 வரை. பிறகு தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்கலாம்.

கடைசியாக, நான் ஏமாந்த கதை. நீ கல்லூரியில் படித்தபோது நாம் வாங்கி, ஒன்றரை ஆண்டில் வந்த விலைக்குத் தள்ளிய அந்த வெள்ளை டீசல் காரை நினைவிருக்கும். ஏன் தள்ளினேன் என்று உனக்குச் சொன்னதில்லை. சேலத்தில் ஒரு தரகர் மாலை ஐந்து மணிக்கு வரச் சொன்னார். போனபோது வண்டி வாசலில் தயாராக நின்றது. சாவியைத் திருப்பியதும் பூனை மாதிரி உறுமியது. தொப்பூர்க் கணவாயில் நானே ஓட்டிக்கொண்டு வந்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு செல்ஃப் அடித்தால் கிர் கிர் என்று சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. ஏழெட்டு முறைக்குப் பிறகு பிடித்தபோது வெள்ளைப் புகை தெருவை மறைத்தது; எதிர்வீட்டுப் பாட்டி தீப்பிடித்துவிட்டது என்று குடத்தோடு ஓடிவந்தாள். மெக்கானிக் வந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக வைத்தார். அது தடதடவென்று துள்ளிக் கீழே விழுந்தது. உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்து, வாயு அடியில் கசிகிறது, அழுத்தம் இல்லை என்றார். நான் போவதற்குச் சற்று முன்பு வரை வண்டியை ஓட்டிச் சூடாக வைத்திருந்தார்கள். சூடான டீசல் இன்ஜின் தன் நோயை மறைத்துக்கொள்ளும் என்பது எனக்கு அன்று தெரியாது. முன்பே பானெட்டின் மேல் கை வைத்திருந்தால் எண்பதாயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும்.

மாப்பிள்ளை அந்த வேலையை ஏற்பதாக இருந்தால் மட்டும் எனக்குத் தகவல் சொல். சனிக்கிழமை மாலைப் பேருந்தில் ஓசூர் வந்துவிடுகிறேன். ஞாயிறு விடியற்காலை மூவரும் அத்திப்பள்ளி போவோம். இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின். ஆயிலைக் காலத்தில் மாற்றாமல் ஓட்டியிருந்தால் குளிர்ந்த இன்ஜின் பிடிக்கும் முதல் இரண்டு மூன்று நொடிகளில் முன்பக்கத்திலிருந்து சங்கிலி குலுங்குவது போன்ற சத்தம் வரும், பிறகு மறைந்துவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் வருகிறேன். உரிமையாளரிடம் வண்டியை முந்தின இரவிலிருந்து எடுக்க வேண்டாம் என்று சொல்லிவை. அதுவரை முன்பணம் என்று ஆயிரம் ரூபாய்கூடக் கொடுக்காதே. பேரனுக்கு அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அப்பா