விளக்கை அணைக்காமல் தூங்கியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

எங்களுக்கு உதவியவர்களுக்கு எழுதும் இந்த மடலில் எங்கள் யார் பெயரும் இருக்காது. மகள் படித்துப் பார்த்து, இரண்டு வரியை அடித்துவிட்டு, "சரி, இப்போ போடு" என்ற பிறகுதான் வெளியிடுகிறேன். அவளுக்கு இருபத்திரண்டு வயது. அவளைப் பாலியல் வன்கொடுமை செய்தவன் வெளியாள் இல்லை, என் நாத்தனாரின் கணவன். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் மாமா என்று கூப்பிட்டவன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். விஷயம் தெரிந்ததும் நான் அவளைக் குளிக்கச் சொன்னேன். கழுவிவிட்டால் நடந்தது போய்விடும் என்று நினைத்தேனோ என்னவோ. மருத்துவமனையில் அதைச் சொல்லி அழுதபோது, டாக்டரம்மா, நீங்கள் கடிந்துகொள்ளவில்லை. "பரவாயில்லை, துணியைத் துவைக்கலையே?" என்று மட்டும் கேட்டீர்கள். துவைக்கவில்லை. நான் பிளாஸ்டிக் பையில் திணித்து எடுத்துவந்ததை நர்ஸ் அக்கா காகித உறைக்கு மாற்றினார். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் தடயம் கெட்டுவிடுமாம். ஒவ்வொரு முறையும் தொடுவதற்கு முன், என்னிடம் அல்ல, மகளிடம், "தொடலாமாம்மா?" என்று கேட்டார். அவள் வேண்டாம் என்றதும் கையை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவள் சொன்ன 'வேண்டாம்' செல்லுபடியானது அங்கே மட்டும்தான்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார்கள். அவசரக் கருத்தடை மாத்திரையை ஐந்து நாள் வரை கொடுக்கலாம், ஆனால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் மகனுக்கு அக்காவிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. இரவு எட்டு மணிக்குப் போனில் அலாரம் வைத்து, மாத்திரையையும் தண்ணீரையும் அவள் அறை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவான். 28 நாளும்.

என் கணவர் பேசினார். "ஏன் கத்தலை?" என்று கேட்டார். கோபத்தில் இல்லை, தவிப்பில்தான். ஆனாலும் அதற்கப்புறம் இரண்டு வாரம் அவள் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. ஆலோசகர் அம்மா, நீங்கள் அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசினீர்கள். பயத்தின் உச்சத்தில் உடம்பு உறைந்துபோகும், கை அசையாது, குரல் வராது என்றீர்கள். ஸ்டாக்ஹோமில் 298 பெண்களிடம் விசாரித்து 2017 இல் வெளியான ஆய்வில், பத்தில் ஏழு பேருக்கு அப்படி ஆகியிருந்ததைச் சொன்னீர்கள். எண்ணிக்கையைச் சொன்னால் நம்புகிற மனிதர் அவர். வீட்டுக்கு வந்து அவள் கதவுக்கு வெளியே நின்று, "அப்பா கேட்டது தப்பும்மா" என்றார். கதவு அன்றைக்குத் திறக்கவில்லை.

உறவுக்காரர்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. "வெளியே தெரிஞ்சா அவ வாழ்க்கை என்ன ஆகும்?" என்றார்கள். கவலைப்பட்டது அவன் வாழ்க்கைக்குத்தான்.

அத்தை, உங்களுக்கு ஒரு பக்கம் பெற்ற மகள், ஒரு பக்கம் பேத்தி. "அவன் இருக்கிற வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பையோடு இங்கே வந்தீர்கள். விளக்கு எரிந்தால் தூக்கம் வராது என்று வருஷக்கணக்கில் என்னோடு சண்டை போட்டவர், இருட்டுக்குப் பயந்த பேத்தி பக்கத்தில் எட்டு மாதம் விளக்கை எரியவிட்டு, முந்தானையைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்தீர்கள். என்ன நடந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. நாத்தனாரையும் நீங்கள் கைவிடவில்லை, போனில் பேசுகிறீர்கள். அதில் எனக்கு முதலில் வருத்தம்தான். இப்போது இல்லை.

பிரான்சில் ஜிசெல் பெலிகோ என்ற பெண் தன் பாலியல் வன்கொடுமை வழக்கை எல்லோரும் பார்க்கக் கதவைத் திறந்துவைத்தே நடத்தச் சொன்னார். 2024 டிசம்பரில் கணவர் உட்பட 51 பேருக்குத் தண்டனை கிடைத்தது. மகள் அந்தச் செய்தியைக் காட்டி, "எனக்கு அவ்வளவு தைரியம் இல்லைம்மா. ஆனா உதவினவங்களுக்கு நீ எழுது" என்றாள். எங்கள் வழக்கு இன்னும் முடியவில்லை.

அத்தை, இன்னொன்று. போன வாரம் ஒருநாள் அவள் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினாள். மறுநாள் மறுபடி போட்டுக்கொண்டாள். போனில் சொல்ல மறந்துவிட்டேன்.