மாமாவுக்கு, அந்த கல்ட்டு வார்த்தையப் பத்தி

அன்புள்ள மாமாவுக்கு,

போன சனிக்கெழம ராத்திரி 11 மணிக்கு மேல நம்ம குடும்ப வாட்ஸப் குரூப்புல நீங்க ஃபார்வர்டு பண்ண லிஸ்ட்ட பாத்தேன். கள்ள உபதேசக் கூட்டங்கள், கதவைத் திறக்காதீர்கள்னு தலைப்பு. அத மட்டும் போட்டிருந்தீங்கன்னா தெனமும் வர்ற குட்மார்னிங் ரோஜாப்பூ மாதிரி தள்ளிவிட்டுட்டுப் போயிருப்பேன், ஆனா அதுக்குக் கீழ நீங்களே ஒரு வரி அடிச்சிருந்தீங்க, என் பொண்ணு போய் விழுந்துருக்கறதும் இந்த மாதிரி ஒரு கல்ட்டு தான்னு. உங்க பொண்ணும் அந்த குரூப்புல இருந்தா மாமா. காலைல 6 மணிக்குப் பாக்குறேன், வெளியேறிட்டான்னு சின்ன எழுத்துல காட்டுது.

போன் போட்டா ரெண்டாவது நிமிஷம் வச்சிடுவீங்க, நேர்ல வந்தா அத்தை அழுவாங்க, அதான் இப்பிடி எல்லாரும் படிக்கிற எடத்துல எழுதுறேன். பேரு, தெரு எதுவும் போடல. கடலூர் ஓல்டு டவுன்ல ரிட்டையர் ஆன ஆர்சி, அதாவது ரோமன் கத்தோலிக்க வாத்தியாருங்க ஏகப்பட்ட பேரு இருக்காங்க, எந்த மாமான்னு ஒருத்தருக்கும் தெரியாது.

மொதல்ல ஒன்னு கேக்குறேன், அந்த லிஸ்ட்ட கடைசி வரைக்கும் படிச்சீங்களா? யெகோவா சாட்சிகள், மார்மன், சனிக்கெழம ஆராதிக்கிற அட்வெண்டிஸ்ட், இயேசு நாமத்துல மட்டும் ஞானஸ்நானம் குடுக்குற சபைங்க, இதெல்லாம் மேல இருக்கு. கடைசிக்கு முந்துன வரில என்ன இருக்குன்னா, சிலை வணக்கம் செய்யும் ரோமன் கத்தோலிக்கம்! நம்மளத் தான் மாமா. நம்மளையே திட்டி எவனோ எழுதுனத நாமளே ஃபார்வர்டு பண்ணியிருக்கோம். ஆயா இருந்திருந்தா வெத்தலய துப்பிட்டு சிரிச்சிருக்கும்.

அந்த வார்த்தையே ஒரு வேடிக்கை. என் பையன் வயசு பசங்க படம் நல்லா இருந்தா கல்ட்டு படம்மாங்கிறாங்க. லத்தீன்ல கூல்தூஸ்னா வழிபாடு, பேணி வளக்கறதுன்னு தான் அர்த்தம், நம்ம கத்தோலிக்க இறையியல் புத்தகத்துலயே புனிதர்களுக்கு செய்யற வணக்கத்துக்கு அந்த வார்த்தைய தான் போடுவாங்க. திட்டு வார்த்தையா மாறுனதெல்லாம் பின்னால நடந்தது.

ஆனா லிஸ்ட் போடறவங்க சும்மா போடலங்கிறதயும் ஒத்துக்கறேன். அவங்க கையில ஒரு அளவுகோல் இருக்கு. 325ல நிசேயாவுல பிஷப்புங்க கூடுன சங்கத்துல ஆரம்பிச்சி 381ல கான்ஸ்டாண்டிநோப்பிள் வரைக்கும் சண்ட போட்டு முடிவு பண்ணது, பிதா சுதன் பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்னு, அதத் தான் திரித்துவம்ங்கிறது. அந்தக் கோட்டுக்கு வெளிய நிக்கிறவங்கள மத்த எல்லாரும் நீ கிறிஸ்தவனே இல்லன்னுடுவாங்க. யெகோவா சாட்சிங்க திரித்துவத்த ஏத்துக்கறதில்ல. மார்மன்காரங்களுக்கு பைபிளுக்கு மேல 1830ல வந்த இன்னொரு வேதம் இருக்கு. நம்ம ரோமாபுரிலயே 2001ல மார்மன் ஞானஸ்நானம் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. அதே ரோமாபுரி, அத்தை சின்ன வயசுல ஏ.எல்.சி.ங்கிற லுத்தரன் ப்ராட்டஸ்டண்ட் சபையில வாங்குன ஞானஸ்நானம் செல்லும்னு சொல்லுது, ஏன்னா அங்க தண்ணியும் இருக்கு மூணு பேரும் இருக்காங்க.

அப்ப அட்வெண்டிஸ்ட் ஏன் லிஸ்ட்டுல? அவங்களுக்கும் திரித்துவம் உண்டு தான். அவங்க வேரு எங்க இருக்குன்னா, 1844 அக்டோபர் 22ல இயேசு வந்துடுவாருன்னு அமெரிக்காவுல வில்லியம் மில்லர் பின்னாடி போயி நம்பி காத்திருந்த கூட்டத்துல. அவரு வரல. மிஞ்சுனவங்களுக்கு நடுவுல எலன் ஒயிட்ங்கிற அம்மாவுக்கு தரிசனம் வந்துச்சின்னு நம்புனாங்க, 1863ல சபையாச்சி. புதுசா ஒரு தீர்க்கதரிசி வந்தாலே பழைய சபைக்கு வயித்தக் கலக்கும், அதுல ஞாயித்துக்கெழமயவும் விட்டுட்டாங்கன்னா கேக்கவா வேணும். அந்தப் பக்கம் பெந்தெகொஸ்தேவ நாம அல்லேலூயா கூட்டம்ங்கிறோம், பெந்தெகொஸ்தேக்குள்ளயே 1916ல அசெம்ப்ளிஸ் ஆஃப் காட்ங்கிற சபையில திரித்துவம் பத்தி சண்ட வந்து இயேசு நாமக்காரங்க வெளிய போனாங்க, இன்னைக்கும் இவங்க அவங்கள கள்ள உபதேசம்ங்கிறாங்க, அவங்க பதிலுக்கு உங்க ஞானஸ்நானமே தப்புங்கிறாங்க. எல்லாருக்கும் தனக்கு அடுத்த வீடு தான் கல்ட்டு.

இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா, வீரமாமுனிவர எனக்கு நடத்துனதே நீங்க தான. பரீட்சைக்கு தேம்பாவணி, சதுரகராதி மட்டும் எழுதச் சொன்னீங்க. அதே மனுஷன் தரங்கம்பாடி லுத்தரன்காரங்கள எதுத்து பேதகம் மறுத்தல், லுத்தேரினத்தியல்புன்னு எழுதித் தள்ளியிருக்காரு, அத நான் ரொம்ப நாள் கழிச்சி தான் படிச்சேன். பேதகம் (தப்பு உபதேசம்), பதிதர் (அதுல விழுந்தவங்க)னு அவரு காலத்துல சொன்னதத் தான் நீங்க இப்ப ஸ்மார்ட் போன்ல கல்ட்டுன்னு அடிச்சிருக்கீங்க. இன்னும் பின்னால போனா அப்போஸ்தலர் 24ல தெர்த்துல்லுங்கிற வக்கீலு கவர்னர் முன்னாடி பவுல மதபேதத்துக்கு முதலாளின்னு சொல்லுறான். மொத மொதல்ல அந்தப் பட்டம் வாங்குனதே நாம தான்.

நம்ம ஊர்லயே பாருங்க. 1749ல இங்கிலீஷ் கடற்படைத் தளபதி பாஸ்கவன் காலத்துல கத்தோலிக்க சாமியாருங்கள கம்பெனி எல்லைய விட்டே போகச் சொல்லிட்டு, கடலூர்ல இருந்த நம்ம கோயில தூக்கி கீர்நாண்டர்ங்கிற சுவீடன் நாட்டு லுத்தரன் பாதிரியார் கையில குடுத்தாங்க. 1758ல பிரெஞ்சு தளபதி லாலி படையோட வந்து கடலூரப் புடிச்சதும் அவரு ஊர விட்டுக் கெளம்பி கல்கத்தா போயிட்டாரு. ஒன்பது வருஷம். கோட்டையில எந்தக் கொடி பறக்குதோ அத வச்சி தான் யாரு உள்ள யாரு வெளியன்னு ஆச்சி.

அவ பொட்ட அழிச்சிட்டா, தாலிய கழட்டிட்டா, நம்ம பண்பாடே போச்சின்னு நீங்க கத்துனீங்க இல்ல, 1704ல நடந்ததும் இது தான். ரோமாபுரி தூதரு தூர்னோன் இங்க புதுச்சேரியில உக்காந்து ஆணை போட்டாரு, பிள்ளையார் உருவம் பொறிச்ச தாலி கூடாது, நெத்தில சாம்பல் கூடாதுன்னு. சேசு சபைக்காரங்க ஜனங்களோட வழக்கத்துக்கு எடம் குடுக்குறாங்கன்னு கப்புச்சின் சாமியாருங்க போட்ட புகாரு அது. எல்லாரும் ஆர்சி தான்! நாப்பது வருஷம் இழுத்துச்சி.

இன்னொன்னு சொன்னா கோவப்படாதீங்க. உங்க கல்யாணத்துக்கு தாத்தா ஏன் கோயிலுக்குள்ள வரலன்னு அம்மா சொல்லியிருக்கு. பொண்ணு பதிதக் கூட்டம்னு சொல்லி வெளிய வேப்பமரத்தடியில துண்டப் போட்டு உக்காந்திருந்தாராம், சாப்பாட்டுக்கும் வரலயாம். அத்தை அத இன்னும் மறக்கல. மறந்துட்ட மாதிரி இருக்காங்க, அவ்ளோ தான்.

சரி, எல்லா முத்திரையும் பொய்யி, எல்லா சபையும் ஒன்னுன்னு சொல்ல வர்றேனான்னா, இல்ல. நான் ஒன்னுல இருந்தவ. உங்களுக்குத் தெரியும், ஆனா உள்ள என்ன நடந்துச்சின்னு நான் யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல.

காலேஜ் ஹாஸ்டல்ல ஒரு ஜெபக் குழு. உபதேசத்துல ஒரு குத்தம் கண்டுபுடிக்க முடியாது, விசுவாசப் பிரமாணத்த நம்மள விட சுத்தமா சொல்லுவாங்க, உங்க லிஸ்ட் போட்டவன் வந்து பரீட்ச வச்சா நூத்துக்கு நூறு. ஆளுக்கு ஒரு 192 பக்க ரூல் நோட்டு குடுத்தாங்க. கோடு கிழிச்சி எழுந்த மணி, ஜெபம் எத்தன நிமிஷம், யார் யார்கிட்ட பேசுனோம், மனசுல வந்த கெட்ட நெனப்பு, எல்லாத்தையும் தெனமும் எழுதணும். சனிக்கெழம சாயந்தரம் தலைவி அக்கா சேப்பு பேனாவோட உக்காந்து படிப்பாங்க. ஒரு தடவ, அம்மா போன் 20 நிமிஷம்னு எழுதியிருந்தேன், பக்கத்துல சேப்புல வட்டம் போட்டு, எதுக்கு 20? அந்த வட்டத்தப் பாத்துட்டு அடுத்த வாரம் 8 நிமிஷத்துல போன வச்சேன். யாரும் என்ன அடிக்கல மாமா, பூட்டி வைக்கல. ஆயா செத்த சேதி வந்தப்ப, மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்னு அந்த அக்கா வசனத்த எடுத்து வாசிச்சாங்க, நான் வரல. மண்ணு போட வரல.

பிற்பாடு தான் ராபர்ட் லிஃப்டன்னு ஒரு மனநல டாக்டரு 1961ல எழுதுனதப் பத்திப் படிச்சேன். சீனாவுல செறையில மனச மாத்துற பயிற்சில மாட்டி வெளிய வந்தவங்க கிட்ட பேசிட்டு எட்டு அடையாளம் சொல்லுறாரு. வெளி ஆளுங்க பேச்ச அடைக்கிறது, உள்ளதெல்லாம் சொல்ல வைக்கிறது, தங்களுக்குன்னு ஒரு பாஷ. படிக்கப் படிக்க அந்த நோட்டு தான் கண்ணு முன்னாடி. திரித்துவம் ஒரு எடத்துலயும் வரல. 1978 நவம்பர்ல கயானா காட்டுல ஜிம் ஜோன்ஸ் பின்னாடி போன 900க்கு மேல ஜனங்க ஒரே நாள்ல செத்தாங்க இல்ல, அந்த ஆளும் அமெரிக்காவுல எல்லாரும் மதிக்கிற ஒரு பெரிய சபையில முறைப்படி பட்டம் வாங்குன பாஸ்டர் தான். இந்தப் பக்கம் யெகோவா சாட்சிங்கள எடுத்துக்கோங்க, தேசிய கீதம் பாடாம மரியாதையா எழுந்து மட்டும் நின்ன கேரளாவுல மூணு பசங்கள ஸ்கூல விட்டு நிறுத்துனது தப்புன்னு சுப்ரீம் கோர்ட்டே 1986ல சொல்லிச்சி. அவங்க திரித்துவத்த ஏத்துக்காதது எனக்குப் பெருசில்ல. ரத்தம் ஏத்திக்க மாட்டாங்கங்கிறதும், விலக்கி வச்சவங்களோட சொந்த ஜனமே ஒட்டாம இருக்கணும்ங்கிறதும் தான் எனக்கு இடிக்குது. அத லிஸ்ட்டுல எங்கயாவது எழுதியிருந்தானா?

உங்க பொண்ணு சபைக்கு ரெண்டு தடவ போயிட்டு வந்தேன், அவளுக்குத் தெரியாம வேவு பாக்கத் தான் போனேன், ஒத்துக்கறேன். சைக்கிள் கடைக்கு மேல மாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூர, நாப்பது அம்பது பேரு, மைக் சத்தம் தாங்கல. வீராம்பட்டினம் கடல்ல விடியக்காலைல அவளுக்கு முழுக்கு குடுத்தாங்கன்னு நீங்க ஒரு வாரம் சாப்புடல. கொழந்தையில வாங்குன ஞானஸ்நானம் போதாதுன்னு பெரியவங்களானப்புறம் குடுக்குற அந்த மறுமுழுக்குக்குத் தான் 1527 ஜனவரியில சூரிச்ல பெலிக்ஸ் மான்ஸ்ங்கிற மனுஷன ஆத்துல முக்கிக் கொன்னாங்க, கொன்னது சீர்திருத்தம் பேசுனவங்க. அப்ப அவன் அங்க கல்ட்டு, இன்னைக்கு பெரியவங்களுக்கு முழுக்கு குடுக்குற சபை உலகம் பூரா இருக்கு.

பயமே இல்லன்னு சொல்ல மாட்டேன். வேல மாறலாமான்னு மாப்ள பாஸ்டர கேட்டு முடிவு பண்ணாரு, எனக்கு அது புடிக்கல, அவ மூஞ்சிக்கு நேரா சொன்னேன். நகைய வித்து காணிக்க குடுத்தியான்னும் கேட்டேன். நகை பேங்க் லாக்கர்ல இருக்குக்கா, போடலன்னா வித்துட்டன்னு அர்த்தமான்னு கேட்டா. புள்ளைக்கு ஜுரம் வந்தப்ப ஜெபமும் பண்ணாங்க, டாக்டர்கிட்டயும் போனாங்க, மருந்து சீட்டு ஃப்ரிட்ஜ் மேல இருந்துச்சி. பாஸ்டர் பிரசங்கத்துல சொன்ன ஒன்னு தப்புன்னு அவ அவருகிட்டயே வாதாடுனத என் காதால கேட்டேன். அவரு மொகம் சுருங்குச்சி, ஆனா கேட்டாரு. சேப்பு பேனா இல்ல. இருந்தா எனக்கு வாட அடிச்சே தெரிஞ்சிடும் மாமா.

இப்ப யாரு கதவ மூடுறாங்கன்னு பாருங்க. அங்க போனா நம்ம கல்லறையில எடம் கெடையாது, என் சாவுக்கும் வராதன்னு சொன்னது பாஸ்டர் இல்ல, நீங்க. நாளைக்கு அந்த சபையில ஏதாவது கோளாறாச்சின்னு வச்சிக்கோங்க, அவ எங்க வருவா? அப்பரோட அக்கா திலகவதியார நீங்க நடத்தும்போது உங்க கண்ணு கலங்கும், எங்க எல்லாருக்கும் தெரியும். தம்பி தருமசேனர்னு பேர மாத்திக்கிட்டு இங்க திருப்பாதிரிப்புலியூர்ல சமணருக்குத் தலைவராவே இருந்தவன், சூலநோய் தாங்காம ராத்திரில திருவதிகைக்கு வந்து விழுந்தப்ப அந்தம்மா கணக்கு கேக்கல.

நீங்களும் அப்ப கேக்கல. ஆயா செத்து எட்டாம் நாளு ஏப்ரல் வெயில்ல ஹாஸ்டல் கேட்டுக்கு வெளிய நின்னீங்க, டிபன் பாக்ஸ்ல பண்ருட்டி பலாச்சொள. சாவுக்கு ஏன் வரலன்னு கேப்பீங்கன்னு பதில் தயார் பண்ணி வச்சிருந்தேன், வசனத்தோட. நீங்க, கொட்டய தூக்கிப் போடாத, வெயில்ல காய வச்சி சுட்டுத் தின்னுன்னுட்டு, அடுத்த மாசம் வர்றேன்னு பஸ் ஏறிட்டீங்க. அடுத்த மாசமும் வந்தீங்க. அன்னிக்கி ராத்திரி நோட்டுல மாமா 10 நிமிஷம்னு எழுதணும். எழுதல. அந்த நோட்டுல நான் மறச்ச மொத வரி அது தான், அதுக்கப்புறம் வெளிய வர ஏழு மாசம் ஆச்சி.

வர்ற ஞாயித்துக்கெழம உங்க பேரனுக்கு சபையில பிரதிஷ்ட, புள்ளைய கடவுளுக்கு ஒப்புக்குடுக்குற ஜெபம். அதுக்கு வர வேணாம், உங்களால முடியாது, அவளும் எதிர்பாக்கல. மதியம் வீட்ல வஞ்சரக் கொழம்பு, சாப்பாட்டுக்கு வாங்க, அத்தையையும் கூட்டிக்கிட்டு. கடலூர்ல பஸ் ஏறுனதும் ஒரு மிஸ்டு கால் குடுங்க, மரப்பாலம் ஸ்டாப்புல ஸ்கூட்டியோட நிக்கிறேன், ரெண்டு பேரும்னா ஆட்டோ பாத்துக்கலாம். அந்த மெசேஜ எல்லாருக்கும் போற மாதிரி இப்ப டெலீட் பண்ண முடியாது மாமா, நாள் தாண்டிடுச்சி, நான் பாத்துட்டேன்.

உங்க அக்கா பொண்ணு,
புதுச்சேரி