காற்றையும் கணக்கில் சேர்

அன்புள்ள நண்பா,

நியூயார்க்குக்கும் டோக்கியோவுக்கும் நடுவே வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்து, விமானத்தின் வேகமான மணிக்கு 900 கி.மீ.-ஆல் வகுத்துப் பயண நேரம் கண்டதாக எழுதியிருக்கிறாய். வகுத்தது சரி, அளந்ததுதான் தப்பு. தட்டையான வரைபடம் வடக்கே போகப் போக நிலத்தை இழுத்து நீட்டிவிடும். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பார். பசிபிக்கின் நடுவே போகாமல், அலாஸ்காவின் வடகோடி வரை ஏறி இறங்கும். அதுதான் பெருவட்டப் பாதை.

நூலை நம்பாவிட்டால் கால்குலேட்டர் இருக்கிறது. இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கு. பிறகு அவற்றின் கோசைன்களைப் பெருக்கி, தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனாலும் பெருக்கு. இரண்டையும் கூட்டி, நேர்மாறு கோசைன் எடுத்தால் கோணம் வரும். ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. டோக்கியோ 35.7, 139.7; நியூயார்க் 40.7, மைனஸ் 74 (மேற்குத் தீர்க்கரேகை என்பதால் மைனஸ்). விடை சுமார் 10,850 கி.மீ. அந்த மைனஸை விட்டால் 5,600 என்று வரும், பாதிக்குப் பாதி பிழை. லண்டன்–நியூயார்க் கணக்கில் இந்தத் தப்பு கண்ணில் படவே படாது. லண்டன் தீர்க்கரேகை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கிறதல்லவா? அதனால் ஒரு ஜோடியில் சரியாக வந்தது என்று நம்பிவிடாதே.

இனி காற்று. எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் வலு கூடும். சராசரியாக மணிக்கு 100 கி.மீ. என்று வைத்துக்கொள். டோக்கியோ போகும்போது எதிர்க்காற்று; தரை வேகம், அதாவது தரையை வைத்துப் பார்த்தால் விமானம் நகரும் வேகம், 800, நேரம் 13 மணி 34 நிமிடம். திரும்பும்போது 1,000, நேரம் 10 மணி 51 நிமிடம். போகையில் இழந்தது வருகையில் ஈடாகிவிடும் என்றுதான் தோன்றும். கூட்டிப் பார்: காற்றே இல்லாவிட்டால் ஆகும் நேரத்தைவிட 18 நிமிடம் அதிகம். எதிர்க்காற்றில் கூடுதல் நேரம் கழிப்பதால் அதன் பாதிப்பும் கூடிவிடுகிறது. கிழக்கே வரும் விமானம் பெருவட்டத்தை விட்டு விலகி, ஜெட் காற்றைத் தேடித் தெற்கே வருவதும் உண்டு. தூரம் கூடும், நேரம் குறையும்.

தடை செய்யப்பட்ட வான்வெளியும் பாதையை வளைக்கும். 2022-லிருந்து அமெரிக்க, ஜப்பானிய விமானங்கள் ரஷ்யாவின் மேல் பறப்பதில்லை. இந்தப் பெருவட்டமோ ரஷ்யாவின் தூரக் கிழக்குப் பகுதிக்கு மேலாகச் செல்கிறது.

டிக்கெட்டில் உள்ள நேரம் கேட்டிலிருந்து கேட் வரை. ரன்வேக்கு ஊர்ந்து போவதற்கும் ஏறி இறங்குவதற்கும் அரை மணியாவது சேர்த்துக்கொள். ஆக, போகும்போது சுமார் 14 மணி.

கடைசியாகக் கடிகாரம். ஜப்பானில் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது, நியூயார்க்கில் உண்டு. குளிர்காலத்தில் வித்தியாசம் 14 மணி, கோடையில் 13. குளிர்காலத்தில் நண்பகல் 12-க்குப் புறப்பட்டால் அப்போது டோக்கியோவில் மறுநாள் அதிகாலை 2. பயண நேரம் 14-ஐக் கூட்டினால் மாலை 4-க்கு இறங்குவாய். கோடையென்றால் மாலை 3. விடுதிக்கு முன்பதிவு செய்யும்போது மறுநாள் தேதியைப் போடு.

அன்புடன்,
உன் நண்பன்