மெதினாசெலியில இருக்குற பாப்பாவுக்கு

பாப்பா,

வாட்ஸ்அப்ல எழுதினா பாதி படிச்சுட்டு கட்டைவிரலைப் போட்டுட்டுப் போயிடுற, அதனால மெயில்ல எழுதுறேன், பொறுமையா படி. நீ அனுப்பின ஃபோட்டோ எல்லாம் பாத்தோம். ஊர் அழகாத்தான் இருக்கு. கோட்டை இருக்கு, கல் வளைவு இருக்கு, பெரிய சதுக்கம் இருக்கு, சுவத்து மேல ஒரு பூனைகூட இருக்கு. ஆள்தான் ஒருத்தரும் இல்ல. இதெல்லாம் யாரு எடுத்ததுன்னு அம்மா கேட்டா. அவளே எடுத்திருப்பான்னு சொன்னேன். அதுக்கு மேல அவ கேக்கல.

ராத்திரி கதவைத் தாள் போட்டுக்கோ. ஹீட்டர் போட்டுட்டு ஜன்னலை முழுசா அடைச்சுட்டுத் தூங்காத.

நீ மாட்ரிட்லேர்ந்து வீடு மாத்திட்டேன்னு சொன்னதுலேர்ந்து நான் அந்த ஊரைப் பத்தியேதான் படிச்சுட்டு இருக்கேன், ரிட்டயர்டு ஆளுக்கு வேற என்ன வேலை. அந்த ரோமன் வளைவு கிபி முதல் நூற்றாண்டாம், மூணு வாசல் வச்ச ரோமன் வளைவு ஸ்பெயின்லயே அது ஒண்ணுதான் மிச்சமாம். அங்க ஹைவேல பழைய சின்னம் இருக்குன்னு காட்டுற போர்டுல போட்டிருக்குற படமே அதைப் பாத்து வரைஞ்சதுதானாம், இத்தனை வருஷம் அந்த ரோட்டுல கார் ஓட்டியும் நீ சொன்னதே இல்ல. வளைவு மேல முன்னாடி உலோக எழுத்து பதிச்சிருந்திருக்காங்க. எழுத்தெல்லாம் எப்பவோ போயிடுச்சு, பதிச்ச ஓட்டை மட்டும் கல்லுல இருக்கு, அந்த ஓட்டையை வச்சே என்ன எழுதியிருந்துதுன்னு அறிஞர்கள் கண்டுபிடிக்கப் பாத்திருக்காங்க. நானும் உன் ஃபோட்டோவைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்துட்டு இருக்கேன்.

ரோமன்காரனுக்கு முன்னாடியே அது ஒகிலிஸ்னு ஒரு ஊர், செல்டிபேரியர்னு அங்க இருந்த பழைய சனத்தோடது. கிமு 153-ல ரோமன் தளபதி தன்னோட பணம், தானியம் எல்லாத்தையும் அங்கதான் வச்சிருந்தான், அவன் அடி வாங்கின சேதி வந்ததும் ஊரே கட்சி மாறிடுச்சு. அடுத்த வருஷம் மார்செல்லஸ்னு இன்னொருத்தன் வந்து ஊரைப் புடிச்சு முப்பது தாலந்து வெள்ளி அபராதம் போட்டு விட்டுட்டான். கெட்டிக்கார ஊர்தான்.

அப்புறம் அரபுக்காரங்க, மதீனத் சாலிம்னு பேர். 946-ல கோர்டோபா கலீபா சொல்லி காலிப்னு ஒரு தளபதி அந்த ஊரைத் திரும்பக் கட்டி எல்லைப் படைக்குத் தலைநகரா ஆக்கினார். அவர் தன் பொண்ணு அஸ்மாவை கலீபாவோட மந்திரி அல்மன்சூருக்குக் கட்டிக் குடுத்தார், எவ்ளோ பெரிய இடம் பாரு. அதுக்கப்புறம் மாமனாரும் மாப்பிள்ளையும் எதிரெதிரா படை திரட்டி 981-ல மாமனார் களத்துலயே செத்துட்டார். யார் எந்தக் கோட்டையைப் புடிச்சா, எத்தனை குதிரைன்னு பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்காங்க, அந்தப் பொண்ணு நடுவுல என்ன பாடு பட்டிருப்பா, யார்கிட்ட போய் சொல்லியிருப்பான்னு நான் படிச்சதுல ஒரு வரி இல்ல. நான் மாப்பிள்ளைகிட்ட எப்பவும் மரியாதையாத்தான் பேசியிருக்கேன், உனக்கே தெரியும். பொங்கலுக்கு அவர் போன் எடுக்காதப்பக்கூட வேலையா இருப்பார்னுதான் அம்மாகிட்ட சொன்னேன்.

அந்த அல்மன்சூரும் 1002-ல கடைசிப் படையெடுப்பு முடிஞ்சு திரும்பறப்ப உங்க ஊர்லதான் செத்தார். ஒவ்வொரு சண்டைக்கு அப்புறமும் துணியில ஒட்டின தூசியைத் தட்டிச் சேத்து வச்சு அதோடயே பொதைச்சாங்கன்னு ஒரு கதை. எந்த இடம்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியல.

பெரியப்பாகிட்ட இதெல்லாம் சொன்னேன். பொண்ணு 1,200 மீட்டர் உசரத்துல கோட்டை ஊர்ல இருந்துக்கிட்டு கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறா, நம்ம வம்சத்துல யாரு இப்படிப் போயிருக்கான்னேன். அவர் சரி சரின்னுட்டு, மாப்பிள்ளைக்கும் அங்கயே வேலை கெடைச்சுடுச்சான்னு கேட்டார். நான் என்ன சொல்றது. கரண்ட் போயிடுச்சுன்னு போனை வச்சுட்டேன்.

எனக்குப் புரியாதது ஒண்ணுதான் பாப்பா. உங்க ஊர் பேர்ல 1479-ல டியூக் பட்டம் வாங்கின குடும்பம் பின்னாடி செவில், மாட்ரிட்னு மாளிகை மாளிகையாப் போயிட்டாங்க, சதுக்கத்துல அரண்மனை மட்டும் நிக்குது. 1860-கள்ல மாட்ரிட் சரகோசா ரயில் கீழ பள்ளத்தாக்குல வந்துச்சு, சனமும் கொஞ்சம் கொஞ்சமா மலையை விட்டு இறங்கி ஸ்டேஷன் பக்கம் குடி போயிட்டாங்க. கோட்டைக்குள்ள இப்ப இருக்குறது ஊர் கல்லறைத் தோட்டமாம். உங்க ஊர் இருக்குற சோரியா மாகாணம் முழுக்க எடுத்தாலே சதுர கிலோமீட்டருக்கு 10 பேர் தேறாதாம். நம்ம தெருவுல பூட்டிக் கெடக்குற வீட்டையெல்லாம் பாத்து வளந்தவதானே நீ. எல்லாரும் இறங்கிப் போன மலைக்கு நீ எதுக்கும்மா ஏறிப் போன? வாடகை கம்மின்னு சொன்ன. சரி. அமைதியா இருக்குன்னு சொன்ன. அதுவும் சரி.

மாட்ரிட்லேர்ந்து 150 கிலோமீட்டர்தானாமே, கார்ல ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. வாராவாரம் வந்து போற தூரம்தான். யாராவது வந்து போனா எங்களுக்கும் நிம்மதி. யாரும் வரலன்னாலும் சொல்லு, நாங்க ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டோம். சித்தி விஷயத்துல நாங்க யாராவது ஒரு வார்த்தை பேசினோமா?

நவம்பர்ல ராத்திரி மாட்டுக் கொம்புல தீப்பந்தம் கட்டி விடுற திருவிழா ஒண்ணு உண்டாமே அங்க, உடம்பு வெந்துடக் கூடாதுன்னு அதுக்குச் சேத்தைப் பூசி விடுவாங்களாம். எதிர்ப்பும் நெறைய இருக்காம். எனக்கும் புடிக்கல. நடந்தா நீ அந்தப் பக்கமே போகாத, வீட்டுக்குள்ள இரு, கதவைத் தாள் போட்டுக்கோ. குளிர் காலத்துக்கு நல்ல கம்பளி வாங்கிக்கோ, காசு பாக்காத.

ரேஷன் கார்டுல எல்லாரும் கைரேகை வைக்கணும்னு கடையில சொன்னாங்க. வெளிநாட்டுல இருக்குறவங்க பேரை எடுத்துடலாமான்னு உன் பேரைக் காட்டிக் கேட்டான். இப்ப வேண்டாம், கேட்டுட்டுச் சொல்றேன்னு வந்துட்டேன். என்ன செய்யட்டும்னு நீயே போன் பண்ணிச் சொல்லு.

அப்பா