வார்த்தைக்கு முன்னே வந்த மெட்டு

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் வந்தது. பேரனுக்கு கிளாரினெட் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம், சின்னவளுக்கு வேலை உறுதியாகிவிட்டது. ஓய்வுக்குப் பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். கொஞ்ச நாளாக ஒரே ஆளைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்: ஹூலியான் ஃபெலிப்பே, பிலிப்பைன்ஸ் தேசிய கீதத்துக்கு மெட்டுப் போட்டவர்.

1861இல் மணிலாவுக்குப் பக்கத்தில் காவிட்டேயில் பிறந்தவர். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பார், பியானோ சொல்லிக்கொடுப்பார், அதுதான் பிழைப்பு. 1896இல் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகப் புரட்சி வெடித்ததும் இவரையும் பிடித்து அடைத்துவிட்டார்கள். அந்தச் செப்டம்பரில் காவிட்டேயில் 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இவர் உயிர் பிழைத்தது அந்த நாடு செய்த புண்ணியம். வெளியே வந்தவர் நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிவிடாமல் புரட்சித் தலைவர் அகினால்டோ பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டார்.

1898 ஜூன் தொடக்கத்தில் அகினால்டோ இவரைக் கூப்பிட்டார். வேறொருவர் போட்டிருந்த மெட்டு அவருக்குத் திருப்தியாக இல்லை, இன்னும் கம்பீரமாக வேண்டும் என்றார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஜூன் 11 அன்று தலைவர்கள் முன்னால் பியானோவில் வாசித்துக் காட்டிவிட்டார் ஃபெலிப்பே. மறுநாள் அகினால்டோ வீட்டு ஜன்னலில் கொடியை விரித்துச் சுதந்திரம் அறிவித்தபோது, சான் பிரான்சிஸ்கோ தே மலாபோன் என்ற ஊரின் பேண்டுக்காரர்கள் அதை வாசித்தார்கள். வெறும் அணிவகுப்பு இசை, பாட வார்த்தையே கிடையாது! அதற்குள் ஸ்பானிய அரச அணிவகுப்பு இசையின் சாயல் கொஞ்சம் இருக்கிறது, அதைத் தெரிந்தேதான் வைத்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். தன்னைச் சிறையில் போட்டவர்களின் இசையைக்கூட வேண்டாம் என்று தள்ளாமல் தன் நாட்டுப் பாட்டுக்குள் ஓரிடம் கொடுத்திருக்கிறார், அந்த மனசுக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

1899இல்தான் ஹோசே பால்மா என்ற 23 வயதுப் பையன் எழுதிய ஸ்பானியக் கவிதை அந்த மெட்டில் உட்கார்ந்தது. அப்புறம் ஸ்பானியர்கள் இடத்தில் அமெரிக்கர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். 1907இல் சட்டம் போட்டுக் கொடியைத் தடை செய்தார்கள், கீதத்துக்கும் அதே கதிதான், 1919 வரைக்கும். பிறகு ஆங்கில வரிகள் வந்தன, இப்போது பாடுவது 1956இல் வந்த, அந்த ஊர் மொழியான தகாலோக் வரிகள். வரிகள் மூன்று மொழிக்கு மாறியும் மெட்டு அவருடையதுதான்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவே இல்லை. குத்துச்சண்டை மேடைகளில் இதைப் பாட வருகிற பிரபலங்கள் சிலர் இழுத்து இழுத்து, கடைசியில் குரலை உயர்த்திக் கைதட்டல் வாங்குகிறார்கள். ஃபெலிப்பே போட்ட இசையமைப்புப்படிதான் பாட வேண்டும் என்று 1998இல் சட்டமே வந்திருக்கிறது, 2009இல் அந்நாட்டுக் குத்துச்சண்டை வீரர் பாக்கியாவோவின் சண்டைக்குப் பாடிய விதத்தை அரசின் வரலாற்று நிறுவனமே கண்டித்தது. சரியாகத்தான் செய்தார்கள். நடக்க வைப்பதற்கென்று போட்ட மெட்டைத் தாலாட்டாக்கினால் அதில் என்ன மிஞ்சும், சொல்?

1944 அக்டோபர் 2 அன்று மணிலாவில் இறந்தார், அப்போது ஊர் ஜப்பானியர் கையில். மெட்டுப் போட்டு இத்தனை வருஷம் ஆகியும் முழுச் சுதந்திரத்தைப் பார்க்காமலே போய்விட்டார், அது 1946இல்தான் வந்தது.

பேண்டில் காலம் தள்ளியவன் நீ. பாடகர் யாரும் இல்லாமல் பேண்டு மட்டும் வாசித்த பதிவாகத் தேடிக் கேள், தாளம் எந்த வேகத்தில் போக வேண்டும் என்று நினைக்கிறாய் என்று எழுது. பேரன் கை பழகியதும் அவனையும் ஊதச் சொல்லி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ராமு