ஷட்டரை இறக்கினால் கம்பெனி மூடியதாகாது

ஆசிரியருக்கு,

எந்த நிறுவனம் மூடப்பட்டாலும் உங்கள் வணிகப் பக்கத்தில் ‘திவால்’ என்றே தலைப்பு வருகிறது. கடனைக் கட்ட முடியாமல் போவது திவால். சொத்துகளை விற்றுப் பணமாக்கி, கடன் கொடுத்தவர்களுக்குக் கொடுத்து, மிச்சமிருந்தால் பங்குதாரர்களுக்குப் பிரித்து, நிறுவனத்தையே இல்லாமல் செய்வது லிக்விடேஷன், அதாவது கலைப்பு. கடன் தவணை எதையும் தவறவிடாத நிறுவனமும் கலைப்புக்குப் போகலாம். 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 59ஆவது பிரிவு அப்படிப்பட்டவர்களுக்குத்தான். இயக்குநர்கள் பெரும்பான்மையாகப் பிரமாணப் பத்திரம் தந்து, 4 வாரத்துக்குள் பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றிக் கலைப்பாளரை நியமிப்பார்கள். கடன் இருந்தால், அதன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு உரியவர்கள் 7 நாளில் ஒப்ப வேண்டும்.

நொடித்த நிறுவனத்தில் பணம் பிரியும் வரிசையை யாரும் எழுதுவதில்லை. முதலில் நடைமுறைச் செலவு. அடுத்து தொழிலாளர்களின் 24 மாத நிலுவையும், அடமானத்தைப் பொதுக் கணக்கில் விட்டுக்கொடுத்த வங்கிகளின் கடனும் சம தகுதியில். பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம், அப்புறம் அடமானமில்லாக் கடன். பங்கு வாங்கியவர் கடைசி. அவர் கைக்குப் பெரும்பாலும் எதுவும் வராது.

சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கு இவ்வளவு தேவையே இல்லை. கடன்களையெல்லாம் தீர்த்துவிட்டு, இரண்டு நிதியாண்டுகளாகத் தொழில் நடக்கவில்லை என்றால், கம்பெனிகள் சட்டம் 248ஆவது பிரிவின்கீழ் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும்படி கம்பெனிப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். படிவம் எஸ்.டி.கே.-2, கட்டணம் 10,000 ரூபாய். சிறப்புத் தீர்மானமோ, பங்கு மூலதனத்தில் 75 சதவீதத்தினரின் சம்மதமோ வேண்டும்.

சிக்கல் இணைப்புத் தாள்களில்தான். ஆடிட்டர் சான்றளிக்கும் கணக்கு அறிக்கை, விண்ணப்பிக்கும் நாளில் 30 நாளுக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. ஒரு இயக்குநர் வெளிநாட்டில் இருந்தால் அவருடைய ஈட்டுறுதிப் பத்திரமும் (பின்னால் பாக்கி கிளம்பினால் ஈடுகட்டுவதாக எழுதித்தருவது) உறுதிமொழியும் அங்கே நோட்டரி கையெழுத்தோ, அப்போஸ்டில் என்ற அரசு முத்திரைச் சான்றோ பெற்று வர வேண்டும். அது வருவதற்குள் கணக்கு அறிக்கை காலாவதியாகிவிடும். வெளிநாட்டுத் தாள் கைக்கு வந்தபின் ஆடிட்டரிடம் போவதே புத்திசாலித்தனம்.

ஷட்டரை இறக்கிவிட்டுச் சும்மா இருப்பவர்கள் பாடுதான் மோசம். வியாபாரம் பூஜ்யமானாலும் தணிக்கையும் ஆண்டுத் தாக்கலும் உண்டு. தவறினால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. 3 ஆண்டு தொடர்ந்து விட்டால் இயக்குநர் 5 ஆண்டுக்குத் தகுதியிழப்பார். தொழில் நின்ற ஆண்டுவரை பாக்கியுள்ள படிவங்களைப் போடாமல் பெயர் நீக்கமும் நடக்காது.

ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்தவர்கள் 3 மாதத்துக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-10 இறுதி ரிட்டர்ன் போட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். வருமான வரி ரீஃபண்ட் வரவேண்டியிருந்தால், அது கணக்கில் ஏறும்வரை வங்கிக் கணக்கை மூட வேண்டாம்.

இப்படிக்கு,
கம்பெனி செக்ரட்டரி ஒருவர், கோவை